பாத்துக்கோ

ஜூன் 20

விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் நாள் முழுக்க வானத்தில் மிதக்கலாம் என்று நம்பி வந்தவள் நான். இங்கே காலையில் முதல் வேலை ஓடுதளத்தில் நிற்கும் ஆடுகளையும் மயில்களையும் விரட்டுவது. கரிசல் காட்டுக்கு நடுவே உலகப்போர் சமயத்தில் போட்ட ஓடுதளம். சுற்றிலும் வேலி இருக்கிறது. வேலியில் ஓட்டைகளும் இருக்கின்றன. ஆடுகளுக்கு அந்த ஓட்டைகள் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சங்கரன்கோவிலில் மாமா அதற்குள் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் பெரிய ஜெட் விமானம், நடுவில் நான். "ஆடித்தபசு காண வரும் பக்தகோடிகளை வருக வருக என வரவேற்கும் விமானி கோமதி குடும்பத்தார்." படத்தை அம்மா அனுப்பியிருந்தாள். நான் இன்னும் ஒரு தடவைகூடத் தனியாகப் பறக்கவில்லை. வாத்தியார் இறங்கிக்கொண்டு நம்மை மட்டும் அனுப்புவாரே, அந்த முதல் சோலோவை முடிக்காதவள் விமானி இல்லை, பயணி.

எனக்கு ஏற வருகிறது, சுற்ற வருகிறது, திரும்ப வருகிறது. இறக்கத்தான் வரவில்லை. தரை நெருங்கும்போது மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். நான் ஒன்று மொட்டை மாடி உயரத்திலேயே தூக்கிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்குவதே இல்லை. கேப்டன் தேவசகாயம் சார் கடைசி நொடியில் பிடுங்கி இறக்குகிறார். நாளையிலிருந்து விமானத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார். இவ்வளவு நாளும் சிவப்புக்கோடு போட்டது. இனி நீலக்கோடு.

ஜூன் 22

திட்டு வாங்கினேன். சாதாரணத் திட்டு இல்லை.

இந்தச் சின்ன விமானத்தில் மாணவர் இடப்பக்கம், வாத்தியார் வலப்பக்கம். இருவருக்கும் முன்னால் ஆளுக்கொரு கைப்பிடி. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். அதனால் யார் ஓட்டுகிறார் என்பதை வாயால் சொல்லியே கைமாற்ற வேண்டும். அவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்பார். நான் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்பேன். அவர் மறுபடியும் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்ற பிறகுதான் விமானம் என்னுடையது. இன்று ஏதோ ஞாபகத்தில், "சரி சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன சொன்ன?"

"நான் பாத்துக்கிடு…"

"கண்ட்ரோல் விசயத்துல ஒரு சொல்லு தமிழ் வரப்பிடாது, கேட்டியா பிள்ளே? ஒரு சொல்லு!"

அப்படியே திருப்பி இறக்கிவிட்டார். இன்றைய வகுப்பு முடிந்தது. நாகர்கோவில் சந்தையில் நெய்மீன் வாங்கிய கதையை மேலே போகும்வரை தமிழில்தான் சொல்லிக்கொண்டு வந்தார். மீனுக்கு ஆகிற தமிழ் கைப்பிடிக்கு ஆகாதாம்.

ஜூன் 25

நீலக்கோட்டில் ஒரு தொல்லை. நான் குள்ளம். சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட தலையணையையும் போட்டால்தான் வெளியே தெரியும். தினமும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறேன். காலையில் வந்து பார்த்தால் சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருக்கிறது. யாரோ நெடுங்கால் ஆசாமியின் வேலை. எங்கள் குழுவில் அவ்வளவு உயரம் யாரும் இல்லை. மெக்கானிக்காக இருக்கும்.

ருக்சானாவிடம் சொன்னேன். என் அறைத்தோழி, வாணியம்பாடிக்காரி. "ஆமாண்டி, நானும் தினம் இழுத்துத்தான் போட்டுக்கறேன்" என்றாள்.

சீட் சூடாகவும் இருக்கிறது. பஸ்ஸில் யாரோ எழுந்து போன இடத்தில் உட்கார்ந்தால் இருக்குமே, அந்தச் சூடு. அப்போது வெயிலே வந்திருக்காது.

ஜூன் 29

இன்று சார் என்ன அழகாக இறக்கினார்! நான் கைப்பிடியைச் சும்மா பிடித்திருந்தேன், அது என் கைக்குள்ளேயே நகர்ந்தது. தரையைத் தொடும் முன் இடப்பக்கம் ஒரு சின்னச் சாய்வு. முதலில் ஒரு சக்கரம், கதவைத் தட்டுவதுபோல் மெல்ல. அப்புறம் மற்றது. ஒவ்வொரு தடவையும் அதே சாய்வு, அதே தட்டல். இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் நானும் கற்றுக்கொள்வேன்.

துணி துவைத்தேன். கரிசல் மண் வெள்ளைச் சட்டையை விடுவதில்லை.

ஜூலை 2

இறங்கி நடந்து வரும்போது சார் சொன்னார்: "இப்பதான் எறக்கப் படிச்சிருக்க."

"நீங்கதான சார் எறக்குனீங்க?"

"நானா? நாலு நாளா நான் தொடவே இல்ல."

நின்றுவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி போய்விட்டார்.

அப்படியென்றால் நான்தான் இறக்கியிருக்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள்? கை தானாகக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். சைக்கிள்கூட அப்படித்தான் வந்தது. நன்றாகவே இருக்கிறது.

அம்மா பேசினாள். ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத் தாசில்தார் வீட்டம்மா விசாரித்தாளாம். வழக்கம்போல "பாத்துக்கோளா" என்று சொல்லி வைத்தாள். அந்த ஒரு சொல்லில் சாப்பிடு, தூங்கு, விழுந்துவிடாதே எல்லாம் அவளுக்கு அடக்கம்.

ஜூலை 4

ருக்சானா சோலோ முடித்தாள்! நீலக்கோட்டில்தான். பூப்போல இறங்கியது. ஓடிப்போய் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினோம். முதல் சோலோ முடித்தவளை உலர்ந்த சட்டையோடு விடக்கூடாது என்பது இங்கே வழக்கம்.

அறையில் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "சார் என்ன சொன்னாரு? அவரு எறங்கிட்டா வெயிட் கொறையும், ப்ளேன் சட்டுன்னு ஏறும், எறங்கும்போது மெதந்துக்கிட்டே போகும்னாரா? அப்படி ஒண்ணும் இல்லடி. அவர் இருந்தப்ப எப்படியோ அப்படியேதான் இருந்துச்சு."

"நீ குண்டு."

தலையணையால் அடித்தாள். அப்புறம் அதே தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசியில நான் ஒண்ணுமே பண்ணலடி. அதுவே எறங்கிடுச்சு" என்றாள்.

எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 7

இன்று தரை நெருங்கும்போது கைப்பிடியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன்.

ஜூலை 8

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

என் இரண்டு கையும் மடியில். சார் கைகள் அவர் முழங்கால் மேல். நான்கு கைகளும் சும்மா இருக்க, கைப்பிடி தானாகப் பின்னால் வந்தது. மூக்கு எழும்பியது. இடப்பக்கச் சாய்வு. தட்டல். இறங்கிவிட்டது.

சார் என் மடியைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஹெட்செட்டில் அவர் குரல் கேட்டது. ரொம்ப மெதுவாக.

"விடு, சீலா."

யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை. அவரும் எதையும் கேட்கவில்லை. ஓடுதளம் முடியும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

விமானத்தில் வழிந்திருந்த எண்ணெயைத் துடைத்தேன். இடப்பக்கக் கதவின் வெள்ளை மற்ற வெள்ளையோடு ஒட்டவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். பிறகு மாற்றிய கதவு.

ஜூலை 11

ருக்சானாவைச் சிவப்புக்கோட்டில் தனியாக அனுப்பினார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். அவள் மூக்கைத் தூக்கவே இல்லை. காத்திருந்தாள். அது தெளிவாகத் தெரிந்தது. யாரோ செய்வார்கள் என்று காத்திருப்பவர்களைப் போல் அப்படியே வந்தாள். முன் சக்கரம் மடங்கி, மூக்கிலிருக்கும் விசிறி தரையில் அடித்து, விமானம் சுற்றிக்கொண்டு மண்ணில் போய் நின்றது.

ஓடினோம். மணிக்கட்டு எலும்பில் விரிசல், நெற்றியில் தையல். உயிருக்கு ஒன்றும் இல்லை. சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். அவளுக்காகத்தான் நேர்ந்தேன். எனக்காகவும்தான்.

ஜூலை 12

கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் கிடக்கிறாள். இட்லியைப் பிட்டு நான்தான் ஊட்டினேன்.

"கோமு, எனக்கு எறக்கவே தெரியாதுடி. நீலக்கோட்டுல நான் கத்துக்கவே இல்ல. நீயும் கத்துக்கல, இல்ல?"

இட்லி தொண்டையில் சிக்கியது. சாப்பிட்டது அவள், சிக்கியது எனக்கு.

"சார்கிட்ட சொல்லிடு. சோலோ போகாத. அங்க யாரோ செய்றாங்கடி. நல்லதுதான் செய்றாங்க. ஆனா நம்மள செய்ய விடல."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னால் என்ன ஆகும்? இறக்கத் தெரியாதவள் என்று எழுதி, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். இல்லையென்றால் பைத்தியம் என்று மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதோடு விமானி வேலைக்கு முழுக்கு. ஊரில் ஃப்ளெக்ஸ் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பயமாக இருக்கிறது. பறக்கவும் பயம், பறக்காமல் போகவும் பயம்.

ஜூலை 13

சொல்லத்தான் போனேன். சார் அறையில் தனியாக இருந்தார். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"அன்னைக்கு 'விடு, சீலா'ன்னீங்களே, அது யாரு சார்?"

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஜெயசீலன். எங்க ஊர்ப் பக்கத்துப் பய. நல்ல ஒசரம். மறுநா அவனுக்கு சோலோ. நீலக்கோட்டுல எறங்கிட்டிருக்கோம், காத்து கெடந்து அடிக்குது. நான் 'பாத்துக்கோ'ன்னேன்."

"எதுக்கு சார்?"

"அதான் பிள்ளே. நான் எறக்குதேன், நீ பாத்துப் படிச்சுக்கோன்னு சொன்னேனா? இல்ல, நீ எறக்கு, சூதானமா செய்னு சொன்னேனா? எத நெனச்சு சொன்னேன்னு இப்ப எனக்கே நிச்சயமில்ல. நான் எறக்குதேன்னு அவன் இருந்தான். அவன் எறக்குதான்னு நான் இருந்தேன். ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்."

கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை.

"கடைசியில அவனுக்குப் புரிஞ்சுது. ரெண்டு கையாலயும் புடிச்சான். நேரம் இல்ல. அவன் பக்கம்தான் அடி. பொறவு அந்தக் கைய பிரிச்சு எடுக்கத்தான் பெரும்பாடா இருந்துது. விடவே இல்ல."

நான் சொல்ல வந்ததை எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லப் போவதில்லை என்று தோன்றியது. எழுந்தேன்.

"காத்து ஒதுங்கினா நாளன்னைக்கு உனக்கு சோலோ" என்றார். "நீ எறக்குதது அவன் எறக்குத மாதிரியே இருக்கு."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று சொன்னது என் வாய்தான், வேறு யாரும் இல்லை.

ஜூலை 14

காற்று. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ருக்சானா என்னோடு பேசவில்லை.

ஜூலை 15

விடிந்ததும் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. சீட் கடைசி வரை பின்னால் இருந்தது. சூடாக இருந்தது. இழுத்து முன்னால் போட்டு, தலையணையை வைத்து உட்கார்ந்தேன்.

சாரோடு ஒரு சுற்று. அழகான இறக்கம். நான் செய்யவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். காலியான வலப்பக்க சீட்டில் பெல்ட்டை அவரே இழுத்து மாட்டினார். ஆளில்லாத பெல்ட் ஆடி எதிலும் சிக்கிவிடக்கூடாது. கதவைச் சாத்தும் முன், "பாத்து…" என்று ஆரம்பித்து மீதியை விழுங்கினார். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க" என்றார்.

என்னை எப்போதும் வா, போ என்றுதான் பேசுவார். சோலோ போகிறவளுக்கு மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்பட்டேன். விமானம் லேசாகி விருட்டென்று எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. தினமும் எந்தக் கருவேல மரத்துக்கு நேராகத் தரையை விடுமோ அங்கேதான் விட்டது. இருவரை ஏற்றிக்கொண்டு போவதுபோல் நிதானமாக ஏறியது. வலப்பக்கம் பார்த்தேன். பெல்ட் தட்டையாகக் கிடந்தது. ஆனால் இருப்பது வலப்பக்கம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். சீட் சூடு இன்னும் ஆறவில்லை.

சுற்றி வந்து ஓடுதளத்தை நோக்கித் திரும்பினேன். காற்றாலைகள் அசையாமல் நின்றன. கைப்பிடி என் கைக்குள் தானாக நகர ஆரம்பித்தது. விட்டுவிடலாம். பூப்போல இறங்கும், தண்ணீர் ஊற்றுவார்கள், ஊரில் ஃப்ளெக்ஸ் உண்மையாகிவிடும். ருக்சானாவின் கட்டுப் போட்ட கையும் ஞாபகம் வந்தது.

அப்போது வேலி ஓட்டையிலிருந்து ஆடுகள் வந்தன. ஒரு கிடையே வந்தது. ஓடுதளத்தின் குறுக்கே வரிசையாக.

"கோ அரவுண்ட்!" என்றது ரேடியோவில் கட்டுப்பாட்டு டவர். இறங்காதே, ஏறிப்போய் மறுபடி சுற்றி வா என்று பொருள். விசையை முழுக்கத் தள்ளினேன். எஞ்சின் கத்தியது. கைப்பிடியை இழுத்தேன்.

வரவில்லை.

என் கைமேல் இன்னொரு கை இருந்தது என்று எழுதினால் பொய். என் உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருந்தது. இறுக்கமாக. மூக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு ஆடு தெரியவில்லை. அதற்கு ஒரே வேலைதான், இறக்குவது.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்!" என்றேன். பதில் இல்லை. "ஐ ஹேவ் கண்ட்ரோல்!" என்று கத்தினேன். பிடி இன்னும் இறுகியது. ஆட்டின் காதில் கட்டியிருந்த சிவப்புத் துணி வரை தெரிந்தது. செத்தோம் என்று நினைத்தேன். செத்தேன் என்று இல்லை, செத்தோம் என்று.

அப்போதுதான் புரிந்தது. இந்த இங்கிலீஷெல்லாம் அவன் போன பிறகு வந்த கட்டளை. அவனிடம் சொன்னது அது இல்லை. பாத்துக்கோ என்று சொன்னார்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னும், ஒவ்வொரு தடவையும், எல்லாரையும். போதும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

"போதும்ண்ணே" என்றேன். அழுகை வந்துவிட்டது. "நல்லாப் பாத்துக்கிட்டீங்க. இப்ப விடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு நொடி ஒன்றும் இல்லை.

பிறகு கைக்குள் காலியானது. விமானம் துள்ளி எழுந்தது. ஆடுகள் சிதறி ஓட, அவற்றின் முதுகுக்கு மேலே, சார் சொன்னாரே அப்படி, விருட்டென்று ஏறியது. என் வயிறு கீழேயே நின்றுவிட்டது. அவ்வளவு லேசாக ஒரு விமானத்தில் நான் இருந்ததே இல்லை.

மறுபடி சுற்றினேன். ஆடுகளை விரட்டிவிட்டார்கள். இப்போது இறக்க வேண்டியது நான். எனக்குத் தெரியாது என்பது தெரிந்தும் இறக்கினேன். தூக்கினேன், அதிகமாகிவிட்டது, மிதந்தது, மிதந்துகொண்டே போனது. தொப்பென்று விழுந்து, துள்ளி, மறுபடி விழுந்து, கோணலாக ஓடி நின்றது. சாய்வும் இல்லை, தட்டலும் இல்லை. கேவலமான இறக்கம். முழுக்க என்னுடையது.

கைப்பிடியை நெரித்துப் பிடித்திருந்ததில் ரேடியோப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியிருந்திருக்கிறது. நான் பேசியது டவரில் எல்லாருக்கும் கேட்டதாம். சார் அங்கிருந்து ஓடியே வந்துவிட்டார். அந்த வயதில், அந்த வெயிலில்.

"மொத தடவ மெதுவா ஏறுச்சு" என்றார் மூச்சிரைக்க. "ரெண்டாந் தடவ குருவி கணக்கா ஏறுச்சு. பாத்தேன்." என் பக்கம் குனிந்து, "அவன் எதாவது சொன்னானா?" என்றார்.

"இல்ல சார். விட்டுட்டாரு."

கட்டுப் போட்ட கையோடு ருக்சானா வாளியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து என் தலையில் கொட்டினாள். "நீயா எறக்குன?" என்று காதில் கேட்டாள். "பாத்தா தெரியலயா?" என்றேன். கட்டிக்கொண்டாள்.

இன்னொரு வாளி மிச்சம் இருந்தது. சார் அதை எடுத்துக்கொண்டு விமானத்தின் இடப்பக்கம் போனார். பொருந்தாத வெள்ளைக் கதவுக்கு முன்னால், நல்ல உயரமான ஓர் ஆளின் தலைக்குக் கொட்டுவதுபோல் இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக் கவிழ்த்தார். தண்ணீர் தரையில் விழுந்த சத்தம் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை.

"சார், காலைல போய்ட்டு வாங்கன்னு சொன்னீங்களே. யாரச் சொன்னீங்க?"

"மரியாதைக்குச் சொன்னேன் பிள்ளே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கோபம் வந்தது. தெரிந்தேதான் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவனுக்குப் பாக்கி இருந்த சோலோவுக்கு என்னைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார். கேட்டிருப்பேன். ஆனால் காலி வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவரிடம் என்ன கேட்பது?

அம்மாவிடம் சொன்னேன். தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். "தனியாவா போன? பயமா இல்லையாளா?" என்றாள். எதிர்பாராமல் ஆடு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "பாத்துக்கோளா" என்றாள். பாத்துக்கிடுதேன் என்றேன். தெளிவாக, இரண்டு தடவை.

ஜூலை 16

காலையில் ஆடு விரட்டினேன். வேலி ஓட்டையை முள் வைத்து அடைத்தோம்.

நீலக்கோட்டில் ஏறினேன். சீட் நேற்று நான் விட்ட இடத்திலேயே இருந்தது. உட்கார்ந்தேன். சில்லென்று இருந்தது.